மாடித் தோட்ட அரட்டைத் தளம்: உங்களைப் பற்றி அதில் என்ன இருக்கிறது?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், மாடித் தோட்டக் குழுவின் அரட்டைத் தளத்தைப் பராமரித்துவரும் உறுப்பினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக வெளியிடுகிறோம். இதில் சொல்லப்பட்டுள்ள ஏழு விதிகளும் அடுத்த பொதுக்குழுவில் வாக்கெடுப்புக்கு வருவதால், அனைவரும் முன்கூட்டியே படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.)



விதை மாற்றிக்கொள்ளவும், செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் என்ன தெளிப்பது என்று கேட்கவும் ஆரம்பித்த சின்ன அரட்டைத் தளம் நம்முடையது. பொழுதுபோக்காக நாங்கள் மூன்று பேர் அதை நடத்துகிறோம். வாடகை சர்வருக்கு மாதம் சில நூறு ரூபாய் ஆகிறது. அதைக் குழுவே பகிர்ந்துகொள்கிறது. விளம்பரம் கிடையாது.

இப்போது செயற்குழு ஒரு யோசனை சொல்லியிருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் ‘குட் மார்னிங்’ படங்களுக்கு நடுவே தண்ணீர் லாரி வரும் நேரமும் லிஃப்ட் பழுது செய்தியும் காணாமல் போகின்றன. எனவே, இந்தத் தளத்தையே குடியிருப்பு முழுவதற்கும் எடுத்துக்கொள்ளலாமே என்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் தக்காளி நாற்று பற்றிப் பேசும் இடம் வேறு, எல்லா வீடுகளின் விவரமும் சேரும் இடம் வேறு. அதனால் நீங்கள் கை தூக்குவதற்கு முன், அந்தத் தளம் உங்களைப் பற்றி என்னென்ன வைத்திருக்கிறது, யார் யார் பார்க்க முடியும் என்பதைச் சொல்லிவிட விரும்புகிறேன்.

என்னென்ன சேர்கிறது?

முதலாவது, நீங்களே தருவது. ஒரு பெயர், ஒரு மின்னஞ்சல் முகவரி, ஒரு கடவுச்சொல். பெயர் உண்மைப் பெயராக இருக்க வேண்டும் என்று தோட்டக் குழுவில் கட்டாயம் இல்லை. ‘கத்தரிக்காய் மாமா’ என்ற பெயரில் ஒருவர் இருக்கிறார். அவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும், அது வேறு விஷயம். மின்னஞ்சல் எதற்கு என்றால், கடவுச்சொல் மறந்துவிட்டால் புதிதாக வைத்துக்கொள்ள. வேறு எதற்கும் அதைப் பயன்படுத்துவதில்லை.

கடவுச்சொல்லை நாங்கள் பார்க்க முடியுமா என்று பலர் கேட்டார்கள். முடியாது. அரிசியை அரைத்து மாவாக்கலாம், மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாது அல்லவா? அதுபோல, நீங்கள் தட்டும் கடவுச்சொல்லை ஒரு கணக்கு முறையில் அரைத்து, அந்த ‘மாவை’ மட்டும் சர்வர் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை நீங்கள் தட்டும்போது, அதையும் அதே முறையில் அரைத்து இரண்டும் ஒன்றா என்று பார்க்கிறது. இரண்டு பேர் ஒரே கடவுச்சொல் வைத்திருந்தாலும் மாவு ஒன்றுபோல் இருக்கக் கூடாது என்பதற்காக, ஒவ்வொருவர் மாவிலும் வேறு வேறு எழுத்துகளைக் கொஞ்சம் கலப்பார்கள். கணினிக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரே ‘சால்ட்’, அதாவது உப்புதான்.

இரண்டாவது, நீங்கள் எழுதும் செய்திகளும் போடும் படங்களும். போனில் எடுக்கும் படத்துக்குள், எடுத்த தேதி, போன் மாடல், சில சமயம் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகூட மறைந்திருக்கும். எங்கள் தளத்தில் படம் ஏறும்போதே அந்த விவரங்களை நீக்கிவிடுகிறோம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினாலும் அவை நீங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போகும். இதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, நீங்கள் தராமலே சேர்வது. நீங்கள் உள்ளே வரும் ஒவ்வொரு முறையும், எந்த நேரத்தில், எந்த ஐ.பி. முகவரியிலிருந்து, எந்த பிரவுசரில் வந்தீர்கள் என்று சர்வர் ஒரு பதிவேட்டில் எழுதிக்கொள்கிறது. நம் கேட்டில் வாட்ச்மேன் வைத்திருக்கும் நோட்டைப் போன்றது அது. ஐ.பி. முகவரியை வைத்து உங்கள் பிளாட் எண்ணை நான் கண்டுபிடிக்க முடியாது; எந்த இன்டர்நெட் நிறுவனம், ஏறக்குறைய எந்த ஊர் என்று தெரியும், அவ்வளவுதான். அந்த முகவரி எந்த வாடிக்கையாளருடையது என்பது இன்டர்நெட் நிறுவனத்துக்குத்தான் தெரியும்.

அதோடு, உங்கள் போனில் ஒரு ‘குக்கி’ வைக்கிறோம். ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்காமல் இருப்பதற்கான டோக்கன் அது. எங்கள் தளத்தை விட்டு நீங்கள் வேறு எங்கே போகிறீர்கள் என்று அது பின்தொடராது.

நான்காவது, நகல். சர்வர் பழுதானால் எல்லாம் போய்விடக் கூடாது என்று தினமும் இரவு ஒரு நகல் எடுக்கிறோம். ஒவ்வொரு நகலும் 30 நாள் இருக்கும். ஆகவே நீங்கள் இன்று ஒரு செய்தியை அழித்தால், திரையிலிருந்து உடனே போய்விடும். நகலில் இருந்து போக 30 நாள் ஆகும்.

யார் படிக்க முடியும்?

போன மாதம் ஒரு பெரியவர் நேரடியாகவே கேட்டார்: “தம்பி, நாங்க ரெண்டு பேர் தனியா பேசிக்கிறதையும் நீங்க படிக்க முடியுமா?”

முடியும். நான் படிப்பதில்லை, மற்ற இருவரும் படிப்பதில்லை. ஆனால் சர்வரின் சாவி எங்களிடம் இருக்கிறது. நினைத்தால் திறக்கலாம். ‘பார்க்க மாட்டேன்’ என்பது நான் தரும் வாக்கு. ‘பார்க்க முடியாது’ என்பது பூட்டு. கடவுச்சொல்லுக்கு அந்தப் பூட்டு இருக்கிறது, செய்திகளுக்கு இல்லை. என்னை நீங்கள் நம்பலாம். நாளை எனக்குப் பதிலாக வருபவர் யாரென்று எனக்கே தெரியாது.

வாட்ஸ்அப்பில் நிலைமை தலைகீழ். 2016 முதல் அங்கே செய்திகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பூட்டியே போகின்றன. நடுவில் இருக்கும் நிறுவனம் அவற்றைப் படிக்க முடியாது. ஆனால் குழுவில் சேர்ந்த நொடியே உங்கள் போன் எண் அங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வீட்டை விற்றுவிட்டுப் போனவர், ஒரு மாதம் மட்டும் இருந்துவிட்டுப் போன டெனன்ட், யாரோ சேர்த்துவிட்ட புரோக்கர், எல்லோருக்கும். எங்கள் தளத்தில் போன் எண்ணே கிடையாது. ஒன்றில் எண் வெளியே, பேச்சு உள்ளே. மற்றதில் எண் இல்லை, பேச்சு நடத்துபவர் கைக்கு எட்டும் தூரத்தில். ஆகவே அந்தரங்கமான பேச்சைத் தளத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு போன் இருக்கிறது, வாசல் திண்ணை இருக்கிறது.

இதில் என்ன ஆபத்து?

‘நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது?’ என்று சிலர் நினைக்கலாம். நம் குழுவில் சாதாரணமாக வரும் செய்திகளையே எடுத்துக்கொள்வோம்.

“பத்து நாள் காசிக்குப் போகிறோம், பால் பாக்கெட் வேண்டாம் என்று பால்காரரிடம் யாராவது சொல்லிவிடுங்கள்.” இது உதவி கேட்கும் செய்தி. வேறொருவர் கண்ணுக்கு, எந்த வீடு எத்தனை நாள் பூட்டிக் கிடக்கும் என்ற அறிவிப்பு.

“அப்பா தனியாக இருக்கிறார், நான் அடுத்த மாதம்தான் அமெரிக்காவிலிருந்து வருவேன், யாராவது மாத்திரை வாங்கிக் கொடுக்க முடியுமா?” இப்போது ‘டிஜிட்டல் கைது’ என்று ஒரு மோசடி நடக்கிறது. போலீஸ் அதிகாரி, சி.பி.ஐ. அதிகாரி என்று வீடியோ காலில் வந்து மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள். 2024 அக்டோபரில் பிரதமரே ‘மனதின் குரல்’ நிகழ்ச்சியில் இதைப் பற்றி எச்சரித்தார். நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. ஆனால் கூப்பிடுகிறவன் உங்கள் பெயர், வீட்டு எண், மகன் எந்த ஊரில் இருக்கிறான் என்பதையெல்லாம் சரியாகச் சொன்னால், எழுபது வயதுப் பெரியவர் நம்பாமல் என்ன செய்வார்? அந்த விவரம் அவனுக்கு இப்படிப்பட்ட சின்னச் சின்னச் செய்திகளிலிருந்தும் கிடைக்கலாம்.

மெயின்டனன்ஸ் பாக்கிப் பட்டியல். வேலை போனதால் இரண்டு மாதம் கட்ட முடியாதவர் ஒருவர் இருக்கலாம். அவர் பெயர் அந்தப் பட்டியலில் வந்து, அது அவருடைய பிள்ளையின் பள்ளி நண்பர்கள் வரை போவது எதற்கு?

இன்னொன்றும் சொல்கிறேன். நம் குடியிருப்பில் தனியாக வாடகைக்கு இருக்கும் பெண்கள் உண்டு. முன்பு தொல்லை கொடுத்த ஒருவருக்குத் தன் புது வீட்டு எண் தெரியக் கூடாது என்ற தேவை அவர்களில் ஒருவருக்கு இருக்கலாம். அதை இந்தக் கூட்டத்தில் எழுந்து சொல்ல வேண்டிய நிலைமையில் அவரை நாம் வைக்கக் கூடாது. கேட்காமலே காப்பாற்றும்படி நம் விதி இருக்க வேண்டும்.

பெரிய இடங்களில் நடந்தது

‘சின்னத் தளம்தானே, யார் வந்து திருடப் போகிறார்கள்’ என்று எண்ண வேண்டாம். திருடர்கள் ஆள் பார்த்து வருவதில்லை. பூட்டாத கதவு எங்கே என்று கணினி நிரலே இரவும் பகலும் தேடிக்கொண்டிருக்கும். பெரிய இடங்களே தப்பவில்லை. 2009இல் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்திடமிருந்து 3 கோடிக்கும் மேற்பட்ட கடவுச்சொற்கள் திருடுபோயின. அவர்கள் அரைத்து வைக்கவில்லை, அரிசியாகவே வைத்திருந்தார்கள். அவற்றில் அதிகம் பேர் வைத்திருந்த கடவுச்சொல் என்ன தெரியுமா? 123456.

2025 அக்டோபரில் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் சேவை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வாடிக்கையாளர் உதவிக்காக அவர்கள் அமர்த்தியிருந்த வெளி நிறுவனம் மூலம், சுமார் 70,000 பயனர்களின் அரசு அடையாள அட்டைப் படங்கள் வெளியாகியிருக்கலாம் என்றது. வயதைச் சரிபார்ப்பதற்காக வாங்கி வைத்த படங்கள் அவை. நம் ஊரில் வீடு வாடகைக்கு வரும்போது ‘ஆதார் காப்பி ஒன்று குழுவில் போட்டுவிடுங்கள்’ என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நல்ல உதாரணமும் உண்டு. 2016இல் சிக்னல் என்ற செய்திச் செயலியிடம் அமெரிக்க நீதிமன்ற உத்தரவு ஒன்று வந்தது. பயனர் விவரங்களைக் கேட்டார்கள். கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, கடைசியாக எப்போது இணைந்தது என்ற இரண்டை மட்டுமே அவர்களால் கொடுக்க முடிந்தது. வேறு எதையும் அவர்கள் சேர்த்து வைத்திருக்கவில்லை. இன்று நான் சொல்ல வந்ததும் இதுதான். இல்லாத விவரத்தைத் திருடவும் முடியாது, மிரட்டி வாங்கவும் முடியாது. பாதுகாப்புக்குப் பணம் செலவழிக்க நம் சங்கத்திடம் வசதி இல்லை. சேர்க்காமல் இருப்பதற்குச் செலவே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கத்துக்கான உரிமை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி. அதைத் தொடர்ந்து, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வருகின்றன.

தனிநபர் ஒருவர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்காக வைத்திருக்கும் விவரங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. உங்கள் போனில் இருக்கும் நண்பர்கள் எண்களுக்கு யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். ஆனால் சங்கம் தனிநபர் அல்ல. சங்கத்தின் பெயரில் விவரம் சேர்த்தால், எதற்காகச் சேர்க்கிறோம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். விருப்பத்தோடு தரப்பட்ட ஒப்புதல் வேண்டும். ஒப்புதலைத் திரும்பப் பெறவும் வழி வேண்டும். அறிவிப்பைத் தமிழில் கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் பெற்றோரின் ஒப்புதல் தேவை. விவரம் கசிந்தால், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும், தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும். சரியான பாதுகாப்பு செய்யத் தவறினால் அதிகபட்ச அபராதம் 250 கோடி ரூபாய். அது பெரிய நிறுவனங்களை மனதில் வைத்துப் போட்ட உச்சவரம்பு. நம்மிடம் யாரும் அவ்வளவு கேட்கப்போவதில்லை. ஆனாலும் பொறுப்பு நமக்கும் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் முன்வைக்கும் ஏழு விதிகள்

சங்கம் இந்தத் தளத்தை எடுத்துக்கொள்வதாக இருந்தால், இவற்றை எழுதி ஒட்டிவிட்டு எடுத்துக்கொள்ளட்டும் என்பது என் வேண்டுகோள்.

1. பதிவுக்கு நான்கு விவரம் மட்டும்: விரும்பும் பெயர், மின்னஞ்சல், கடவுச்சொல், வீட்டு எண். வீட்டு எண் செயலாளர் சரிபார்ப்பதற்கு மட்டும், மற்றவர்களுக்குத் தெரியாது. ஆதார், பிறந்த தேதி, போன் எண், வாகன எண் வேண்டாம்.

2. செய்திகளும் சர்வர் பதிவேடும் ஓராண்டுக்குப் பிறகு தானாக அழிய வேண்டும். உடனே அழித்துவிடலாமே என்றால், பதிவேட்டை ஓராண்டு வைத்திருக்கும்படி புதிய விதிகளே சொல்கின்றன. சங்கத் தீர்மானங்கள் வழக்கம்போல் மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கும்.

3. சர்வர் சாவி இருவரிடம் மட்டும். நிர்வாகிகள் மாறும்போது சாவியும் மாற வேண்டும். பழுது பார்க்க உள்ளே போனால், யார், என்று, எதற்காக என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். அந்த நோட்டை எந்த உறுப்பினரும் கேட்டுப் பார்க்கலாம்.

4. வீட்டை விற்றவர், காலி செய்தவர் கணக்கை ஏழு நாளில் மூட வேண்டும். யார் கேட்டாலும் அவர்களைப் பற்றிய விவரத்தைக் காட்டவும், தவறு இருந்தால் திருத்தவும், சட்டம் வைத்திருக்கச் சொல்லாதவற்றை அழிக்கவும் வேண்டும்.

5. பாக்கிப் பட்டியல், சிசிடிவி படம், அடையாள அட்டை நகல் ஆகியவற்றைத் தளத்தில் போடக் கூடாது. வீட்டு வேலைக்கு வரும் அக்காக்கள், வாட்ச்மேன், டெலிவரி பையன்கள் ஆகியோருடைய படமும் எண்ணும் இதில் அடங்கும். அவர்களுக்கு இங்கே கணக்கு இல்லை. தங்களைப் பற்றி என்ன எழுதப்படுகிறது என்று பார்க்கவோ பதில் சொல்லவோ வழியும் இல்லை. சந்தேகம் இருந்தால் செயலாளரிடம் சொல்லுங்கள், அல்லது காவல் நிலையத்தில் சொல்லுங்கள்.

6. காவல்துறை விவரம் கேட்டால், சட்டப்படி எழுத்துமூலம் வந்தால்தான் தர வேண்டும். கேட்டதை மட்டும் தர வேண்டும். ‘நான் இன்ஸ்பெக்டர் பேசுகிறேன்’ என்று வரும் போன் காலுக்கு எதுவும் தரக் கூடாது.

7. கசிவு என்று தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் எல்லா வீடுகளுக்கும் சொல்ல வேண்டும், நோட்டீஸ் போர்டிலும் ஒட்ட வேண்டும். சங்கத்துக்கு வெட்கமாக இருக்கிறது என்பது மறைப்பதற்குக் காரணம் ஆகாது.

நீங்கள் இன்றே செய்யக்கூடியவை

வங்கிக்கு வைத்திருக்கும் கடவுச்சொல்லை எங்கள் தளத்துக்கு வைக்காதீர்கள். எங்கள் தளத்துக்கு மட்டும் அல்ல, வேறு எந்தத் தளத்துக்கும்தான். ஓரிடத்தில் கசிந்தால் அதையே மற்ற இடங்களில் போட்டுப் பார்ப்பது திருடர்களின் வழக்கம்.

ஆதார் நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதார்’ கொடுங்கள். ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகவே எடுக்கலாம்.

ஊருக்குப் போகும் செய்தியைப் பொதுவில் போடாமல், பக்கத்து வீட்டிலும் வாட்ச்மேனிடமும் நேரில் சொல்லுங்கள். காசிப் படங்களைத் திரும்பி வந்த பிறகு போடுங்கள். நாங்கள் எல்லோரும் பார்த்து லைக் போடுகிறோம்.

யாராவது மிரட்டினால், பணம் போய்விட்டால், உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வங்கியில் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.

கடைசியாக, கேட்டில் இருக்கும் விசிட்டர் நோட்டு. வருகிற ஒவ்வொருவரும் தங்கள் போன் எண்ணை எழுதுகிறார்கள். அடுத்து வருபவர் முந்தைய பக்கம் முழுவதையும் படிக்கலாம். அரட்டைத் தளத்துக்கு இத்தனை விதி போட்டுவிட்டு, அந்த நோட்டை மட்டும் அப்படியே விட்டால் நன்றாக இருக்காது. அதைத் தனித்தனிச் சீட்டாக மாற்றி, ஒரு பெட்டியில் போட்டு, குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு கிழித்துவிடலாம். அடுத்த செயற்குழுவில் அதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த பொதுக்குழுவில் உங்கள் முன் இரண்டு கேள்விகள் இருக்கும். தளம் வேண்டுமா என்பது ஒன்று. இந்த ஏழு விதிகளும் வேண்டுமா என்பது மற்றொன்று. முதலாவதுக்கு ‘ஆம்’ என்று சொல்லி இரண்டாவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானால், தோட்டக் குழுவைத் தோட்டக் குழுவாகவே விட்டுவிடுங்கள் என்று நானே கேட்டுக்கொள்வேன். சாவியை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: விதி இல்லாமல் எல்லா வீட்டுச் சாவியையும் வாங்கிக்கொள்ள எனக்கு விருப்பம் இல்லை.

விதியில் மாற்றம் வேண்டுமென்றால் எழுதி சங்க அலுவலகத்தில் இருக்கும் பெட்டியில் போடுங்கள். பெயர் எழுத வேண்டியதில்லை.